ஒன்பதரை மணிப் பூட்டு

எங்கள் வீட்டில் நான்கு செல்போன்கள். அவற்றில் ஒன்று மட்டும் இரவு 9.30 ஆனதும் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி பத்து மாத காலம் ஏற்பாடு செய்து வைத்திருந்தோம். காலை 6 மணி வரை அழைப்பு வந்தால் எடுத்துப் பேசலாம். இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் எதுவும் திறக்காது. அந்த போன் என் மகளுடையது. வயது 15, பத்தாம் வகுப்பு. பூட்டின் சாவி என் போனில் இருந்தது. மற்ற மூன்று போன்களுக்கும் பூட்டு கிடையாது. ஏற்பாட்டை விளக்கிச் சொன்ன அன்றே அவள் கேட்டாள்: "மூணு போன் முழிச்சிருக்கும், என் போன் மட்டும் தூங்கணுமாம்மா?" எல்லாப் பெற்றோரும் சொல்லும் பதிலைத்தான் நானும் சொன்னேன். "நீ பெரியவளாகு, அப்புறம் பார்க்கலாம்."

எங்களைப் போன்றவர்களுக்கு இப்படி ஒரு பூட்டு ஏன் தேவைப்படுகிறது என்பது அம்பர்நாத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். மும்பை சிஎஸ்எம்டி நிலையத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கல்யாண், உல்லாஸ்நகர் தாண்டி, பத்லாபூருக்கு முந்தைய ஊர். 1060ஆம் ஆண்டைச் சேர்ந்த சிலாஹாரர் காலத்துச் சிவன் கோயில் ஊரின் பெருமை. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையும் விம்கோ தீப்பெட்டி ஆலையும் ஊருக்குச் சோறு போட்டவை. (சென்னைவாசிகளுக்கு விம்கோ நகர் தெரிந்திருக்கும். அதே விம்கோதான்.) என் மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆலை வேலைக்கென்று வந்தவர். பிற்பாடு வந்தவர்களில் பலர், மாதுங்காவிலும் செம்பூரிலும் வீட்டு விலை கேட்டு மலைத்து, ரயில் பாதையோடு நகர்ந்து நகர்ந்து இங்கே வந்து சேர்ந்தவர்கள். என் கணவருக்குக் கோட்டைப் பகுதியில் வேலை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகும். நான் தானே நகரத்தில் வேலை பார்க்கிறேன். ஏழரைக்கு முன்னால் நானும் வருவதில்லை. ஆகவே பள்ளி விட்டு வந்ததிலிருந்து என் மகளுக்குத் துணை இரண்டு பேர்: ஆச்சி, செல்போன்.

போனை நாங்கள் ஆசைக்காக வாங்கிக் கொடுக்கவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. பாடம் போனில்தான் என்று ஆனது. கணவரின் பழைய போன் அவள் கைக்குப் போயிற்று. பள்ளி திறந்த பிறகு அது திரும்பி வரவில்லை. சொந்த சிம்மோடு ஒரு போன் அவளுக்கு வேண்டும் என்று முடிவு செய்தது 2024 ஆகஸ்ட் 20 அன்று. பத்லாபூரில் பள்ளியொன்றில் இரண்டு சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமையைக் கண்டித்து மக்கள் தண்டவாளத்தில் இறங்கிய நாள் அது. அம்பர்நாத்துக்கும் கர்ஜத்துக்கும் இடையே பல மணி நேரம் ரயில் ஓடவில்லை. டியூஷனுக்குப் போன மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் தானே நிலையத்து நடைமேடையில் நின்ற அந்த மாலையை நான் மறக்கப் போவதில்லை. அந்த வாரமே போன் வாங்கினோம். 'பிள்ளைக்கு எதற்கு போன், பிடுங்கி வைக்க வேண்டியதுதானே' என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் அறிவுரை சொல்லும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். அவர்கள் பிள்ளைகள் தெருமுனைப் பள்ளியில் படிக்கிறார்கள்.

பூட்டைப் பற்றிச் சொல்கிறேன். கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற செயலி இலவசம். ஆப்பிள் போன் வைத்திருப்பவர்களுக்கு ஸ்க்ரீன் டைம். பெற்றோர் போனில் ஒரு பகுதி, பிள்ளையின் போனில் ஒரு பகுதி. தினமும் எத்தனை மணி நேரம், எந்தச் செயலிக்கு எத்தனை நிமிடம், எத்தனை மணிக்குப் பூட்டு என்றெல்லாம் இங்கிருந்தே அமைக்கலாம். பிள்ளை புதிய செயலி எதையாவது இறக்க நினைத்தால் நம்மிடம் அனுமதி கேட்டு வரும். போன் எந்த இடத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும். 13 வயது கடந்த பிள்ளை தானே வைத்திருக்கும் கணக்கை இந்த மேற்பார்வைக்குள் கொண்டுவர அந்தப் பிள்ளையின் சம்மதமும் தேவை. என் மகள் சம்மதப் பொத்தானைத் தானே அழுத்தினாள். மறுத்தால் போன் கிடையாது என்ற நிலையில் அழுத்தியதற்குச் சம்மதம் என்று பெயர் வைப்பது சரியா என்பது வேறு விஷயம்.

முதல் வாரக் கணக்கைப் பார்த்தபோது இன்ஸ்டாகிராம் மட்டும் ஒரு நாளைக்குச் சராசரி மூன்று மணி நேரத்துக்கு மேல். இதில் பெரும் பகுதி இரவு பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். இன்ஸ்டாகிராமே 2025 பிப்ரவரியில் இந்தியாவில் பதின்வயதினருக்கென்று தனிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. 16 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் அனுமதி இல்லாமல் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த முடியாது. இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்பு ஒலிகள் அடங்கிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒலி அடங்கினாலும் செயலி திறக்கத்தான் செய்கிறது. அதோடு, பிறந்த வருடத்தை உண்மையாகக் கொடுத்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். என் மகள் வகுப்பில் பாதிப் பேர் இன்ஸ்டாகிராம் கணக்குப்படி கல்லூரி முடித்தவர்கள்.

நாங்கள் இன்ஸ்டாகிராமுக்கு 45 நிமிடம் என்று வைத்தோம். ஓரிரு வாரத்தில் அவள் கண்டுபிடித்துவிட்டாள்: செயலிக்குத்தான் கணக்கு, அதே இன்ஸ்டாகிராமை க்ரோமில் திறந்தால் அந்தக் கணக்கில் வராது. அதையும் அடைத்தேன். பிறகு ஒரு நாள் ஆச்சியின் போனை எடுத்துப் பார்த்தால், சஷ்டி கவசத்துக்கும் மூட்டு வலி மருத்துவத்துக்கும் நடுவே கொரியப் பாட்டுக்காரர்கள் ஏழு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். "பிள்ளை கேட்டா, குடுத்தேன். அந்தப் பயலுவளும் நல்லாத்தான் ஆடுதானுவ" என்றார் ஆச்சி. இந்த ஓட்டைகளைப் பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. ஓட்டை அடைப்பதும் ஓட்டை போடுவதும் எல்லா வீட்டிலும் நடக்கிற விளையாட்டு. பள்ளியில் அவள் கணினிப் பாடத்தில் காட்டாத சாமர்த்தியத்தை இதில் காட்டினாள் என்பதில் எனக்கு ரகசியமாகக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

பூட்டு வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவள் பத்தரைக்குத் தூங்கினாள். காலையில் எழுப்புவது சுலபமாயிற்று. கண்ணுக்குக் கீழே இருந்த கருமை போயிற்று. கணக்குப் பரீட்சையில் மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. ஆனால் மூன்றாவது மாதம் வாக்கில் வேறொன்றையும் கவனித்தேன். பள்ளியிலிருந்து வந்ததும் வகுப்புக் கதைகளைக் கொட்டுகிற பெண், கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. வகுப்புத் தோழிகள் ஏழெட்டுப் பேருக்கு ஒரு குழு இருக்கிறது. டியூஷன், சாப்பாடு, அப்பா வருகை எல்லாம் முடிந்து அந்தக் குழு உயிர்பெறுவதே இரவு பத்து மணிக்கு. யார் யாரிடம் பேசுவதில்லை, எந்த ஆசிரியை என்ன சொன்னார், நாளைக்கு எந்தப் புடவை கட்டுவது என்ற அரசியல் முழுவதும் அங்கேதான். காலையில் இவள் போகும்போது எல்லாரும் ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இவளுக்கு அது புரிவதில்லை. விளக்கம் கேட்டால் நகைச்சுவை செத்துவிடும். நான்கைந்து தடவைக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

இதை அற்ப விஷயம் என்று தள்ளுபவர்கள் தங்கள் பதினைந்தாவது வயதை மறந்தவர்கள். எங்கள் காலத்தில் குழாயடியும் கோயில் பிரகாரமும் பள்ளிக்கு நடந்துபோகும் மூன்று கிலோமீட்டரும் செய்த வேலையை இவர்களுக்குப் போன் செய்கிறது. அம்பர்நாத்தில் வளரும் தமிழ்ப் பெண்ணுக்கு இன்னொன்றும் உண்டு. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் திருநெல்வேலியில் இருக்கும் அத்தை மகளோடு ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தும், குரல் பதிவு அனுப்பியும், வடிவேலு வசனங்களைப் பரிமாறிக்கொண்டும் அவள் தமிழ் ஆச்சியே ரசிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்த அத்தை மகளும் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் படிப்பை மூடி வைப்பாள்.

பிறகு வந்தது அந்த வியாழக்கிழமை. எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் என் மகளின் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயரில், அவள் படத்தைப் போட்டு, யாரோ இன்ஸ்டாகிராமில் ஒரு போலிக் கணக்கு தொடங்கி, வகுப்புப் பையன்களுக்கு அசிங்கமாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண் இரவு 10.40க்கு என் மகளுக்கு எழுதினாள்: 'முழிச்சிருக்கியா?' பிறகு வரிசையாக எட்டு செய்திகள். என் மகள் அவற்றைப் படித்தது காலை ஆறு மணிக்கு, போன் திறந்த பிறகு. அந்த இரவு முழுவதும் மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை யாரிடமும் சொல்லாமல் விழித்திருந்திருக்கிறது. பக்கத்து அறையில்தான் தாய் தந்தையர். அவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டதற்கு அவள் சொன்ன காரணம்: "சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க ஆன்ட்டி."

அன்று மாலையே அந்தக் கணக்கை நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து புகார் செய்தோம், அது நீக்கப்பட்டது. நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: போலிக் கணக்கைப் பற்றி அந்தச் செயலிக்குள்ளேயே புகார் தரலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. குழந்தைகள் உதவிக்கு 1098. கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 2024ஆம் ஆண்டு அசர் ஆய்வின்படி, சமூக வலைத்தளம் பயன்படுத்தும் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 62 சதவிகிதத்தினருக்கு ஒரு கணக்கைத் தடுக்கவோ புகார் செய்யவோ தெரிகிறது. தன் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்ற 55 சதவிகிதத்தினருக்குத் தெரிகிறது. பெற்றோரிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன விடை வரும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அன்று எங்கள் கூட்டத்தில் இருந்த தாய்மார்களில் புகார் செய்யும் இடம் எது என்று தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. பிள்ளைகள்தான் காட்டிக் கொடுத்தார்கள்.

அந்த வாரத்தில்தான் எங்கள் மாநிலத்திலேயே ஒரு கிராமம் செய்த காரியம் ஞாபகத்துக்கு வந்தது. சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ். சுமார் 3,000 பேர் வாழும் ஊர். ஊரடங்கின்போது பிள்ளைகள் கையில் ஒட்டிய போன் பள்ளி திறந்த பிறகும் கழலவில்லை என்ற கவலையில், கிராமத் தலைவர் விஜய் மோஹிதே ஒரு யோசனையை முன்வைத்தார். 2022 ஆகஸ்ட் 15 முதல் தினமும் மாலை 7 மணிக்கு ஊர்க் கோயிலிலிருந்து ஒரு சங்கு. அது ஒலித்ததும் எல்லா வீட்டிலும் டி.வி.யையும் செல்போனையும் அணைக்க வேண்டும். 8.30க்கு மறு சங்கு. அதன் பிறகு அவரவர் விருப்பம். முதலில் ஊரார் சிரித்தார்கள். (நம் ஊரில் 'செல்போனுக்குச் சங்கு ஊதிவிட்டார்கள்' என்று நிச்சயம் யாராவது சொல்லியிருப்பார்கள்.) ஆனால் ஆஷா பணியாளர்களும் அங்கன்வாடிப் பெண்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் படித்தார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதே 2022 நவம்பரில் யவத்மால் மாவட்டத்தில் பான்ஸி என்ற கிராமம் இன்னொரு வழியில் போயிற்று. 18 வயதுக்குட்பட்டோர் செல்போன் பயன்படுத்தத் தடை, மீறினால் அபராதம் என்று கிராம சபையில் தீர்மானம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பான்ஸியின் விதி பிள்ளைகளுக்கு மட்டும். வட்காவின் சங்கு கிராமத் தலைவருக்கும் சேர்த்தே ஊதியது. சீரியல் பார்க்கும் பெண்களும் தப்பவில்லை.

ஆச்சியிடம் வட்காவ் கதையைச் சொன்னேன். அவர் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தது ஆலைச் சங்கு நேரத்தை ஆண்ட காலம். மராத்தியர்கள் அதை போங்கா என்பார்கள். "நாங்க சங்கு சத்தத்தக் கேட்டுத்தான அடுப்பு பத்த வப்போம். ஊதுனா எல்லாருக்கும் ஊதும். ஒரு வீட்டுக்கு மட்டும் ஊதுமா?" என்றார் ஆச்சி. ஒன்பதரை மணிப் பூட்டில் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது என்ன என்பதை அவர் ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார். ஒரு பிள்ளையின் போனைப் பூட்டினால் அந்தப் பிள்ளை தெருவுக்கு வெளியே நிற்கிறது. எல்லாப் போனும் ஒரே நேரத்தில் மௌனமானால் யாரும் எதையும் இழப்பதில்லை. இரவு பத்து மணி அரசியல் எட்டரைக்கு நகர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

அரசாங்கங்கள் இதைச் செய்ய முடியுமா? தென் கொரியா முயன்றது. 2011இல், 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை கணினியில் இணைய விளையாட்டு ஆடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து நுழைந்தார்கள். விளையாட்டே கணினியிலிருந்து செல்போனுக்கு இடம் மாறியது. 2021இல் சட்டத்தைக் கைவிட முடிவு செய்தார்கள். ஆஸ்திரேலியா இப்போது இன்னும் பெரிதாக முயல்கிறது: 2024 நவம்பரில் சட்டம், 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக வலைத்தளக் கணக்கு கிடையாது. மீறினால் தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. நிறுவனங்களுக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். எல்லாருக்கும் சேர்த்து ஊதும் சங்கு என்ற வகையில் எனக்கு இது பிடித்திருக்கிறது. பத்து மணிக்கு 'முழிச்சிருக்கியா' என்று கேட்கும் பெண் வேறு எங்கே போய்க் கேட்பாள் என்பதற்கு அதில் பதில் இல்லை. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. அந்த ஒப்புதல் முறை நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். அதற்குள் என் மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விடுவாள்.

நாங்கள் காத்திருக்கவில்லை. கட்டடத்தின் கணபதி மண்டல் அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு குடும்பங்கள் உட்கார்ந்தோம். இரண்டு தமிழ், இரண்டு மராத்தி, ஒரு மலையாளி, ஒரு சிந்தி. பிள்ளைகளும் இருந்தார்கள். பேச்சு இரண்டு மணி நேரம் நீண்டது. முடிவு இது: இரவு 10 முதல் காலை 6 வரை ஆறு வீட்டிலும் எல்லாப் போனும், அப்பா போன் உட்பட, சமையலறையில். அழைப்பு மணி மட்டும் ஒலிக்கலாம். எட்டரை முதல் பத்து வரை பிள்ளைகளின் குழுவுக்கு நேரக் கணக்கு கிடையாது, எட்டிப் பார்ப்பதும் கிடையாது. யாருக்காவது இரவில் ஆபத்து என்றால் செய்தி அனுப்பக்கூடாது, அழைக்க வேண்டும். எந்த வீட்டில் எந்த நேரத்தில் மணி அடித்தாலும் பெரியவர்கள் எடுப்பார்கள். எதைச் சொன்னாலும் அதற்குத் தண்டனையாகப் போன் பிடுங்கப்படாது. கடைசி நிபந்தனை மூன்றாம் மாடிப் பெண் கேட்டது. அவள் அப்பா அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

எதிர்ப்பு பிள்ளைகளிடமிருந்து வரவில்லை, ஆண்களிடமிருந்து வந்தது. ஆபீஸ் குழுவில் பத்தரைக்கு மேலாளர் செய்தி போடுவாரே என்றார் என் கணவர். போடட்டும், அவசரம் என்றால் அழைக்கட்டும் என்றோம். முதல் வாரம் அவர் தண்ணீர் குடிக்கும் சாக்கில் நான்கு முறை சமையலறைக்குப் போனார். மகள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய போனிலிருந்த 9.30 பூட்டை எடுத்துவிட்டேன். புதிய செயலிக்கு அனுமதி கேட்பதும், இடம் காட்டுவதும் இருக்கின்றன. இடம் காட்டுவதற்கு அவளும் ஒரு விலை கேட்டாள்: "நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியணும்னா, நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்கும் தெரியணும்." நியாயம்தான். இப்போது கணவரின் ரயில் டோம்பிவிலியில் நிற்கிறதா, கல்யாண் தாண்டிவிட்டதா என்று அவள் ஆச்சிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆறு குடும்பங்களில் நான்குதான் இன்னும் தொடர்கின்றன. ஒருவருக்கு இரவு ஷிப்ட், வீட்டோடு பேச அவருக்குக் கிடைப்பதே பதினொரு மணி இடைவேளை. அவர்களை வற்புறுத்த முடியாது. இன்னொரு குடும்பம் காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டது. டியூஷன் மாஸ்டரிடமும் போய்ப் பேசினோம். எட்டு மணிக்குள் வீட்டுப்பாடத்தை அனுப்பிவிடுங்கள் சார், பிள்ளைகளின் போன் பத்து மணிக்கு மேல் இருக்காது என்றோம். மிக நல்ல ஏற்பாடு, எல்லாப் பெற்றோரும் இப்படி இருக்க வேண்டும் என்று மனமாரப் பாராட்டினார். அன்றிரவு வினாத்தாளை 10.35க்கு அனுப்பினார்.